பீப் அடித்த வயர், பேசாத வயர்லெஸ்: கடலூர் விசைப்படகு ஒன்றின் வயரிங் கோளாறு

பின்னணி

கடலூர் முதுநகரில் உப்பனாற்றுக் கரையில் நிறுத்திவைக்கப்படும் இழுவலை விசைப்படகு இது. சுமார் 15 மீட்டர் நீளம், மர உடல், மேலே ஃபைபர் பூச்சு. எஞ்சின் அறையில் 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. செல்ஃப் மோட்டார், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், தளத்து விளக்குகள், தண்ணீர் இறைக்கும் பில்ஜ் பம்ப் எல்லாம் 24 வோல்ட்டில் ஓடுபவை. படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸில் உள்ள வி.எச்.எஃப். வயர்லெஸ், ஜி.பி.எஸ். மேப், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் மூன்றுக்கும் 12 வோல்ட் வேண்டும்.

அந்த 12 வோல்ட், 24-ஐக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டர் வழியாக வரவில்லை. இரண்டு பேட்டரிகளும் சேரும் நடு இணைப்பிலிருந்து ஒரு வயரை இழுத்து, ஒரு பேட்டரியின் மின்சாரத்தை மட்டும் மேலே கொண்டுபோயிருந்தார்கள். காசு செலவில்லாத வழி என்பதால் பல படகுகளில் இப்படித்தான் இருக்கிறது. அந்தப் பேட்டரியைக் கீழ் பேட்டரி என்றும் மற்றதை மேல் பேட்டரி என்றும் இங்கே குறிப்பிடுகிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீல்ஹவுஸின் உளுத்த பிளைவுட்டை மாற்றினார்கள். பலகையோடு பழைய வயர்களும் கழன்று வந்தன. வீட்டு வயரிங்கும் வண்டி வயரிங்கும் பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் புது வயர் இழுத்துக் கொடுத்தார். வேலை பார்வைக்குச் சுத்தமாகவே இருந்தது. கிளிப் அடித்து, நேர்கோட்டில், பழையதைவிட அழகாக. முடித்ததும் மல்டிமீட்டரின் பீப் வைத்து ஒவ்வொரு வயரையும் சோதித்தார். எல்லாம் பீப் அடித்தன. அந்த பீப்பைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

கடலில் தெரிந்த குறைகள்

தடை முடிந்து போன முதல் இரண்டு ஓட்டத்திலும் மூன்று குறைகள் வந்தன.

வயர்லெஸில் அடுத்தவர் பேசுவது தெளிவாகக் கேட்டது. 25 வாட்டில் வைத்துப் பேச பட்டனை அமுக்கினால் செட் அணைந்து மறுபடி உயிர் பெற்றது. 1 வாட்டில் பேச முடிந்தது. ஆனால் அது பக்கத்துப் படகு வரைதான் எட்டும்.

ஜி.பி.எஸ். மேப், வயர்லெஸோடு சேர்ந்து அணைந்தது. சில நேரம் யாரும் பேசாதபோதும் அணைந்தது.

எக்கோ சவுண்டரில், எஞ்சின் வேகம் ஏற ஏறத் திரை முழுக்கப் புள்ளியும் கோடும் விழுந்தன. எஞ்சினை நிறுத்தினால் அடித்தளம் தெளிவாகத் தெரிந்தது.

இதில் மிக முக்கியமான துப்பு, படகை ஓட்டும் ஸ்ராங்கிடமிருந்து வந்தது. சோதிக்க வந்தவரிடம் அவர் சொன்னது: "தண்ணி எறைக்கிற மோட்டாரு போட்டாலே மேப்பு அணைஞ்சி அணைஞ்சி வருதுண்ணே. வயர்லெஸ்ஸ தொடக்கூட வேணாம்." 24 வோல்ட் பம்புக்கும் 12 வோல்ட் மேப்புக்கும் பாசிட்டிவ் பக்கத்தில் பொது வயர் கிடையாது. அப்படியானால் இரண்டும் எங்கேயோ நெகட்டிவில், எலக்ட்ரீஷியன்கள் 'எர்த்' என்று சொல்லும் பக்கத்தில், ஒன்று சேர்கின்றன. இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் அடுத்து வரும் பகுதிக்கு அவசியமே இருந்திருக்காது.

முதலில் செய்தவை

முதல் ஓட்டம் முடிந்ததும் கீழ் பேட்டரியை மாற்றினார்கள். குறை போகவில்லை. பக்கத்துப் படகிலிருந்து நன்றாக ஓடும் வயர்லெஸ் செட்டைக் கடன் வாங்கி மாட்டினார்கள். அதுவும் அதேபோல் அணைந்தது. இது தவறான முயற்சி அல்ல. செட்டில் பழுதில்லை என்று அப்போதே உறுதியாகிவிட்டது. ஆனால் அந்த முடிவை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து ஆன்டெனா மேல் சந்தேகம் போயிற்று. வயரைப் பற்றிப் பேச்சே எழவில்லை, அது 'செக் பண்ணின' வயர் என்பதால்.

கரையில் நடந்த சோதனை

படகைக் கரையில் கட்டிவைத்து, ஒரு பகல் முழுக்கச் சோதித்தார்கள். கையில் இருந்தவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர், பேட்டரி அமிலத்தின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர், ஆன்டெனா செட்டோடு சரியாகப் பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று, இரு முனையிலும் கிளிப் வைத்த 12 மீட்டர் நீள ஒற்றை வயர். கடைசி இரண்டும்தான் அன்றைய வேலையில் பாதியைச் செய்தன.

பேட்டரியிலிருந்து தொடங்கினார்கள். எஞ்சின் நின்றிருக்கையில் கீழ் பேட்டரி 12.3 வோல்ட், மேல் பேட்டரி 12.8. எஞ்சின் ஓடும்போது மொத்தம் 28.2 வோல்ட் வந்தது. இது சரியான அளவு. ஆல்டர்னேட்டரில் குறையில்லை என்று இதை மட்டும் பார்ப்பவர் நகர்ந்துவிடுவார். தனித்தனியாக அளந்தபோது மேல் பேட்டரியில் 14.9, கீழ் பேட்டரியில் 13.3. தினமும் கீழ் பேட்டரி மட்டும் கூடுதலாக உழைக்கிறது. சார்ஜ் மின்சாரமோ இரண்டின் வழியாகவும் ஒரே அளவில்தான் போகிறது. அதனால் ஒன்று பட்டினி கிடக்க, மற்றது அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறது. மேல் பேட்டரியில் தண்ணீர் தகட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. கீழ் பேட்டரியின் அடர்த்தி 1.210; முழு சார்ஜில் 1.265 பக்கம் இருக்க வேண்டும். மாற்றி இரண்டு வாரம்கூட ஆகாத பேட்டரி அது.

ஆனாலும் 12.3 வோல்ட் என்பது செட் அணையும் அளவு அல்ல. மிச்சத்தைத் தேட பல்பு வந்தது.

வயர்லெஸின் பிளக்கைக் கழற்றி, அதே பிளக்கில் பல்பை மாட்டினார்கள். வயர்லெஸ் 25 வாட்டில் பேசும்போது 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பல்பு ஏறத்தாழ அந்த அளவு இழுக்கும், ஆனால் அணைந்து அணைந்து வராது, நிதானமாக அளக்கலாம். ஆன்டெனா இல்லாமல் செட்டை எரித்துவிடும் பயமும் இல்லை.

பல்பு எரியும்போது கிளாம்ப் மீட்டர் 4 ஆம்பியர் காட்டியது. கீழ் பேட்டரியின் முனையில் 12.1 வோல்ட். அதே நேரத்தில் பிளக்கில் 9.5. வழியில் 2.6 வோல்ட் காணாமல் போகிறது. பல்பைக் கழற்றினால் பிளக்கிலும் பேட்டரியிலும் ஒரே 12.3. சுமையில்லாமல் அளக்கிற எவருக்கும் இந்த வயரிங் பொன்னாகத் தெரியும்.

13.8 வோல்ட்டை அடிப்படையாகக் கொண்டு செய்த வயர்லெஸ் செட்டுகளுக்கு 15 சதவீதம் ஏற்ற இறக்கம்தான் பொதுவாக அனுமதி. அதாவது 11.7 வோல்ட்டுக்குக் கீழே அது பேச வேண்டிய கடமையில்லை.

அந்த 2.6 எங்கே போகிறது? நீள வயரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் கவ்வி, மறு முனையை மல்டிமீட்டரின் ஒரு குச்சியில் சேர்த்து, இன்னொரு குச்சியைப் பிளக்கின் பாசிட்டிவில் வைத்தார்கள். பல்பு எரிகிறது, மீட்டர் வோல்ட்டில் இருக்கிறது. 0.9 வோல்ட். நெகட்டிவ் பக்கம் அதேபோல் அளந்தபோது 1.7. கூட்டினால் 2.6. கணக்கு ஒத்துவந்தது. ஒத்துவராவிட்டால் அளவில் தவறு, மேலே போகக் கூடாது.

பிறகு குச்சியை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினார்கள். பாசிட்டிவ் பக்கம்: வயர் நீளத்தில் 0.65, ஃபியூஸ் ஹோல்டரும் சுவிட்சும் சேர்ந்து 0.25. நெகட்டிவ் பக்கம்: வயரில் 0.65, பேனலுக்குப் பின்னால் முறுக்கிச் சேர்த்த ஜாயின்ட்டில் 0.4, எஞ்சினின் உடலான பிளாக்கில் போல்ட்டில் மாட்டிய லக்கில் (வயர் முனையில் அழுத்திய உலோக வளையம்) 0.65.

எஞ்சின் பிளாக். பழைய வயர் நேராகப் பேட்டரி நெகட்டிவ் முனைக்குப் போயிருந்தது. புது வயரைப் பக்கத்தில் கிடைத்த பிளாக் போல்ட்டில் முடித்துவிட்டார்கள். அதே போல்ட்டில்தான் பில்ஜ் பம்பின் நெகட்டிவும் இருந்தது. பம்பை ஓடவிட்டபோது அந்த ஒரு லக்கில் மட்டும் இழப்பு இன்னும் 1 வோல்ட் ஏறியது. ஸ்ராங்கு சொன்னதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

பீப் ஏன் இதைக் காட்டவில்லை என்பதற்கும் இதுவே பதில். அந்த லக்கின் தடை 0.16 ஓம், ஜாயின்ட்டின் தடை 0.1 ஓம். சாதாரண மீட்டர்கள் சில பத்து ஓம் வரை பீப் அடிக்கும். வயர் அறுந்திருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். 5 ஆம்பியரைத் தாங்குமா என்று சொல்லாது.

எக்கோ சவுண்டர் தனிக் கதை. யு.பி.எஸ். பேட்டரி, 12 வோல்ட் 7 ஏ.எச்., ஒன்றை அதற்கு மட்டும் தனியாகக் கொடுத்து எஞ்சினை ஓடவிட்டார்கள். திரையில் கோடுகள் பெரும்பாலும் போய்விட்டன. புள்ளிகள் கொஞ்சம் மிச்சம். ஆக, இரைச்சலில் பெரும்பங்கு மின்சாரம் வரும் வழியாகவும் சிறுபங்கு வேறு வழியாகவும் வருகிறது. பேட்டரி முனையில் ஏ.சி. அளவு, அதாவது டி.சி.யோடு கலந்து வரும் அலை, சில பத்து மில்லிவோல்ட்தான்; ஆல்டர்னேட்டர் டயோடு பழுதென்றால் இது பல மடங்கு ஏறியிருக்கும். பிளாக் போல்ட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அளந்தால் 0.18 வோல்ட். இந்த அலைவரிசையில் மல்டிமீட்டரின் ஏ.சி. எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். ஆல்டர்னேட்டரின் மின்சாரம் திரும்பும் இடத்திலேயே கருவிகளின் எர்த்தையும் கட்டியதால் அந்த அலை திரைக்கு ஏறியது.

மிச்சப் புள்ளிகளுக்குக் காரணம், எக்கோ சவுண்டருக்காக நீருக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரின் கேபிள். நீளம் மிஞ்சியதைச் சுருளாக்கி ஆல்டர்னேட்டர் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சுருளைக் கையால் ஒரு முழம் தள்ளிப் பிடித்ததும் திரை சுத்தமானது.

ஆன்டெனா பக்கம் எஸ்.டபிள்யூ.ஆர். 1.3. குறையில்லை.

இணைப்பைத் திறந்தபோது

முறுக்கிய ஜாயின்ட்டின் மேல் இன்சுலேஷன் டேப், அதற்கு மேல் சிலிக்கான். பூசும்போது வினிகர் வாசம் அடிக்கும் வகை சிலிக்கான் அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், செம்பை அரிக்கும். தண்ணீர் புகாமல் காக்கப் பூசியதே உள்ளே பச்சை பிடிக்கக் காரணமாயிற்று. பிளாக் போல்ட்டில் லக்குக்கு அடியில் எஞ்சின் பெயின்ட் சுரண்டப்படவில்லை.

வயரில் அடுத்த ஆச்சரியம். 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் 9 மீட்டர் என்றால் 0.1 ஓம் பக்கம் வர வேண்டும்; 4 ஆம்பியரில் 0.4 வோல்ட் போகும். அளந்ததோ 0.65. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தபோது உள்ளே வெள்ளை: செம்பு முலாம் பூசிய அலுமினியம். கடற்கருவிகளுக்கான ஈயம் பூசிய செம்பு வயர் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. இது நேர் எதிர். கடையில் வாங்கும்போது ஒரு இழையைச் சுரண்டினால் போதும், அரை நிமிட வேலை.

எடுத்த முடிவுகள்

அன்றிரவே கடலுக்குப் போக வேண்டும் என்றார் உரிமையாளர். 25 வாட்டில் ஆபத்து அழைப்புக்கான 16-ம் சேனலில், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸில், பேச முடியாத படகை அனுப்புவது சரியில்லை. முழு வேலைக்கோ ஒன்றரை நாள் ஆகும். எனவே அந்த ஓட்டத்துக்கு மட்டும் வயர்லெஸுக்கும் மேப்புக்கும் வீல்ஹவுஸிலேயே தனி 12 வோல்ட் பேட்டரி ஒன்றைக் கட்டி, ஃபியூஸ் போட்டு அனுப்பினார்கள். எக்கோ சவுண்டர் அப்படியே விடப்பட்டது. இரைச்சலோடு ஓட்டினால் மீன் குறையலாம், ஆபத்தில்லை.

நிரந்தர வேலைக்கு இரண்டு வழி இருந்தன. நடு இணைப்பிலிருந்தே 10 சதுர மி.மீ. வயர் இழுப்பது ஒன்று. மூன்று கருவிகளும் சேர்ந்து 7.5 ஆம்பியர் இழுக்கும்போது போக வர 18 மீட்டரில் 0.24 வோல்ட்தான் போகும். வயர்லெஸ் போன்றவற்றுக்கு 3 சதவீத இழப்புக்குள் நிற்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு அது பொருந்தும். ஆனால் பேட்டரிகளின் ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கும். மற்றது 24 வோல்ட்டை முழுதாக மேலே கொண்டுவந்து, வீல்ஹவுஸில் கன்வெர்ட்டர் வைத்து 13.8 வோல்ட் ஆக்குவது. மேலே வரும் மின்சாரம் 5 ஆம்பியர் அளவுக்குக் குறைவதால் 6 சதுர மி.மீ. போதும். பேட்டரி கொஞ்சம் தளர்ந்தாலும் கருவிகளுக்கு 13.8 மாறாமல் வரும். இரண்டாவதை எடுத்தார்கள். கன்வெர்ட்டர் ஒன்று கெட்டால் எல்லாமே போகும் என்ற குறையைச் சமாளிக்க, வயர்லெஸுக்கு மட்டும் மாற்று சுவிட்சோடு சிறு பேட்டரி ஒன்று அங்கேயே நிரந்தரமாக்கப்பட்டது.

வேலை நடந்த விதம்

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எஞ்சின் அறைக் கதவைத் திறந்து காற்றோட விட்டார்கள். கீழ் பேட்டரியையும் மேல் பேட்டரியையும் பிரித்து, தனித்தனியாக 12 வோல்ட் சார்ஜரில் முழுதாக ஏற்றினார்கள். மேல் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்.

ஈயம் பூசிய செம்பு வயர், 6 சதுர மி.மீ., சிவப்பு கறுப்பு. பாசிட்டிவில் 15 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான், கருவியை அல்ல. வீல்ஹவுஸில் வைத்தால் அதற்கு முன்னுள்ள 9 மீட்டருக்கும் காவல் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் கையேடு சொல்லும் ஃபியூஸ் தனியாக.

நெகட்டிவுக்கு வீல்ஹவுஸில் ஈயம் பூசிய செம்புப் பட்டை ஒன்று. மூன்று கருவிகளின் நெகட்டிவும் தனித்தனி வயரில் இந்தப் பட்டைக்கு. பட்டையிலிருந்து ஒரே வயர் கன்வெர்ட்டருக்கு. அங்கிருந்து நேராகப் பேட்டரி முனைக்கு. எஞ்சின் பிளாக்குக்கும் கருவிகளுக்கும் இனி உறவில்லை. கொட்டகையில் வைத்துத் தாங்களே சிறு விமானம் கட்டுகிறவர்களும் இதே ஒழுங்கைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். ரேடியோ எர்த்தை ஆளுக்கொரு போல்ட்டில் கட்டினால் அவர்களுக்கு ஹெட்போனில் ஆல்டர்னேட்டர் விசிலடிக்கும், நமக்குத் திரையில் கோடு விழும். பில்ஜ் பம்பின் நெகட்டிவுக்குப் பேட்டரி வரை தனி வயர்.

முறுக்கி டேப் சுற்றுவது எங்கும் இல்லை. லக்குகள் எல்லாம் ராட்செட் கிரிம்பிங் கருவியில் அழுத்தி, உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டவை. சால்டர் வேண்டாம் என்று முடிவானது: உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரின் ஒரு பகுதி கம்பிபோல் விறைத்துவிடும், எஞ்சின் அதிர்வில் விறைப்பு முடியும் இடத்தில் ஒடியும். அழுத்திய ஒவ்வொரு லக்கையும் கையால் பலமாக இழுத்துப் பார்த்தார்கள். பதினெட்டில் ஒன்று கழன்று வந்தது.

டிரான்ஸ்டியூசர் கேபிளை வெட்டிச் சுருக்கவில்லை. அதை வெட்டக் கூடாது. மிச்ச நீளத்தை எட்டு வடிவில் மடித்து, மற்ற கேபிள்களுக்கு எதிர்ப்பக்கம் கட்டினார்கள்.

பிறகு நடந்தது

பல்பு மறுபடி பிளக்கில் ஏறியது. சுமையில்லாமல் 13.8, பல்பு எரியும்போது 13.6. வயர்லெஸ் 25 வாட்டில் பேசியபோது மீட்டரில் 23 வாட். பம்ப் ஓடியும் மேப் அசையவில்லை. எக்கோ சவுண்டர் முழு வேகத்திலும் சுத்தம்.

எதிர்பாராதவை இரண்டு. முதலில் வாங்கிய மலிவான கன்வெர்ட்டர் வயர்லெஸில் தானே இரைச்சல் கிளப்பியது. 16-ம் சேனலில் யாரும் பேசாதபோதும் ஸ்க்வெல்ச் (பேச்சு இல்லாதபோது இரைச்சலை அடைத்துவைக்கும் வசதி) திறந்தது. கன்வெர்ட்டரை அணைத்து, சிறு பேட்டரிக்கு மாற்றியதும் நின்றதால் காரணம் உடனே பிடிபட்டது. இரைச்சலை அடக்க வயரில் ஃபெரைட் கிளிப் போட்டதும், ஆன்டெனா கேபிளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்ததும் பாதிதான் உதவின. உலோகப் பெட்டியும் ஃபில்ட்டரும் உள்ள வேறொன்றை வாங்கிய பிறகே அடங்கியது.

இரண்டாவது திசைகாட்டி. புது வயர்கள் அதன் அருகே சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கமாகப் போனதால், கருவிகளை இயக்கியதும் முள் 4 டிகிரி விலகியது. அந்த இடத்தில் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டதும் விலகல் மறைந்தது. போகும் மின்சாரத்தின் காந்தத்தை வரும் மின்சாரம் ஈடுசெய்துவிடும்.

ஒரு மாதம் கழித்து எஞ்சின் ஓடுகையில் இரண்டு பேட்டரியிலும் தலா 14.1. அமில அடர்த்தி இரண்டிலும் 1.260-ஐத் தொட்டது. இரண்டும் வெவ்வேறு வயதுடையவை என்பதால் அடுத்த முறை இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று உரிமையாளரிடம் சொல்லப்பட்டது.

மறுபடி செய்வதானால்

தடைக்கால வேலை முடிந்த அன்றே, படகு கரையில் இருக்கும்போதே, பல்பை ஒவ்வொரு பிளக்கிலும் மாட்டி அளந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் போதும். அளக்க வேண்டியவை நான்கு: பேட்டரி முனையில் எவ்வளவு, பிளக்கில் எவ்வளவு, பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு போகிறது, நெகட்டிவ் பக்கம் எவ்வளவு போகிறது. ஒரு இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் திறந்து பார்க்க வேண்டும்.

வயர்லெஸைக் கடன் வாங்கி மாட்டிய அன்றே சோதனை வயர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கீழ் பேட்டரியை மாற்றும் முன் எஞ்சினை ஓடவிட்டு இரண்டையும் தனித்தனியே அளந்திருந்தால், புதுப் பேட்டரிக்கும் அதே கதிதான் என்பது தெரிந்திருக்கும்.

பழைய வயரைப் பிடுங்கும் முன் எது எங்கே முடிகிறது என்று போனில் நாலு படம் எடுத்திருந்தால் நெகட்டிவ் பிளாக்குக்குப் போயிருக்காது. புது வயர்களுக்கு இரு முனையிலும் எண் ஒட்டி, வரைபடத்தையும் அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டியாயிற்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பர் கடைசியில் அதே பல்பை வைத்து மறுபடி அளந்தபோது நெகட்டிவ் பட்டையில் ஒரு லக் மட்டும் 0.02-லிருந்து 0.12-க்கு ஏறியிருந்தது. நட் தளர்ந்திருந்தது, ஸ்பிரிங் வாஷர் விட்டுப்போயிருந்தது. வாஷர் போட்டு இறுக்கி, புது அளவைத் தேதியோடு அதே தாளில் எழுதினார்கள்.